கையால் வரைந்த கனலெட்டோ நகல்: வாங்கலாமா?

நீங்கள் கேட்டது இது: பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் கனலெட்டோ வரைந்த 'கல்தச்சர் முற்றம்' என்ற வெனிஸ் காட்சியை ஓர் இணையக் கடை "நூறு சதவீதம் கையால் வரைந்த எண்ணெய் ஓவியம்" என்று சொல்லி 24×36 அங்குலத்தில் விற்கிறது. நம்பி வாங்கலாமா, இல்லை நல்ல பிரிண்ட் ஒன்றுக்கு ஃப்ரேம் போட்டு மாட்டினால் போதுமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கடைக்காரர் சொல்வது நிஜமா என்பது ஒன்று. நிஜமாகவே இருந்தாலும், அந்த ஓவியத்தில் உங்களுக்குப் பிடித்தது எதுவோ அது நகலிலும் இருக்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதுதான் பெரிய விஷயம், பெரும்பாலும் அங்கேதான் பணம் வீணாகிறது.

நான் எண்ணெய் வண்ணத்தில் பயிற்சி பெற்றவன். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுது பார்ப்பதும், கேட்பவர்களுக்கு நகல் வரைந்து கொடுப்பதும் பல வருடத் தொழில். அதனால் நகல் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் பக்கம் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "நகல் வாங்குவது கௌரவக் குறைச்சலா" என்றும் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. ஐரோப்பிய நகரக்காட்சி ஓவியம் நகலோடு சேர்ந்தே வளர்ந்தது. கனலெட்டோவின் சகோதரி மகன் பெர்னார்டோ பெல்லோட்டோ 1747-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குப் போய், சாக்சனியை ஆண்ட மன்னருக்காக அந்த ஊரைப் பெரிய பெரிய கித்தான்களில் (கேன்வாஸ்) வரைந்தார். மன்னரின் அமைச்சர் ப்ரூல் பிரபு அதே காட்சிகள் தனக்கும் வேண்டும் என்று கேட்க, பெல்லோட்டோ தன் ஓவியங்களைத் தானே திரும்ப வரைந்து கொடுத்தார். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் இன்றும் அனுமதி வாங்கியவர்களை ஓவியத்தின் முன் ஈசல் என்ற ஓவியத் தாங்கியை வைத்து நகல் எடுக்க விடுகிறது. இரண்டு நிபந்தனைகள் மட்டும் கறாரானவை: நகல் மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது சிறியதாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும், மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. நகலுக்கும் மோசடிக்கும் நடுவில் உள்ள கோடு அதுதான். உங்கள் கடைக்காரர் "கையெழுத்தோடு வரும்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, முதல் கேள்வி. "கையால் வரைந்தது" என்ற பெயரில் மூன்று விதமான சரக்கு விற்கிறது. முழுக்க வெறும் கித்தானில் தொடங்கி வரைந்தது ஒன்று. கித்தானில் மங்கலாக பிரிண்ட் எடுத்து, அதன் மேல் வண்ணம் பூசியது இன்னொன்று. முழு பிரிண்டின் மேல் நிறமில்லாத ஜெல்லைப் பிரஷ்ஷால் தடவி, வண்ணப் பூச்சுபோல மேடு பள்ளம் காட்டுவது மூன்றாவது. மூன்றாவதைப் பிடிப்பது சுலபம். ஓவியத்தை இருட்டறையில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில், கித்தானோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். நிஜ ஓவியத்தில் மேடு எங்கே இருக்கிறதோ அங்கே வண்ணமும் மாறும்: ஒரு சட்டையின் மடிப்பில் வெள்ளை தடித்திருந்தால், அந்தத் தடிப்பின் விளிம்பும் மடிப்பின் விளிம்பும் ஒன்றாகவே இருக்கும். ஜெல் தடவியதில் பிரஷ் கோடுகள் படத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வானத்திலிருந்து கூரை மேல் ஏறி ஓடும். அப்புறம் நகைக்கடைக்காரர் வைத்திருப்பதுபோல் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிரிண்டில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் தூவினாற்போல் தெரியும். வண்ணம் பூசியதில் புள்ளி கிடையாது, பிரஷ் மயிர் இழுத்த கோடும் நிறம் கலந்த தடமும்தான் இருக்கும்.

இரண்டாவது வகை, அதாவது மங்கலான பிரிண்டின் மேல் பூசியது, கொஞ்சம் சிக்கல். மேல் பூச்சு கனமாக இருந்தால் லென்ஸும் ஏமாறும். வண்ணம் மெல்லிசாக இருக்கும் நிழல் பகுதிகளிலும், கித்தான் சட்டத்தில் மடியும் ஓரங்களிலும் தேடுங்கள். புள்ளிகள் எங்காவது எட்டிப் பார்க்கும். கடைக்காரர் அனுப்பும் போன் படத்தை வைத்து இதை யாராலும் தீர்மானிக்க முடியாது, என்னாலும்தான். ஆகவே நீங்கள் அனுப்பியிருந்த இரண்டு படங்களைப் பார்த்து "அது பிரிண்ட்" என்றோ "அசல் வேலை" என்றோ நான் சொல்லப் போவதில்லை.

இந்த நகல்களில் ஏராளமானவை சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் உள்ள டாஃபென் என்ற பகுதியிலிருந்து வருகின்றன. 1989-ல் ஹாங்காங் வணிகர் ஒருவர் சில ஓவியர்களோடு அங்கே வந்து ஏற்றுமதிக்கு நகல் வரையத் தொடங்கினார். பிறகு அது ஆயிரக்கணக்கான ஓவியர்கள் வாழும் இடமாகிவிட்டது. அங்கே வரைபவர்களைத் தொழிற்சாலைக் கைகள் என்று ஏளனமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அவர்களில் பலர் நல்ல பயிற்சி உள்ளவர்கள். விலையும் கெடுவும்தான் வேலையின் தரத்தை முடிவு செய்கின்றன. மூன்று நாளில் முடித்தாக வேண்டிய கூலிக்கு வரைபவர், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஒரு ஜன்னலுக்கு நாலு பிரஷ் தொடுகை கொடுக்க மாட்டார், ஒன்றோடு நகர்ந்துவிடுவார்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கல்தச்சர் முற்றம் சுமார் 1725-ல் வரைந்தது. லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அகலம் ஏறக்குறைய 163 செ.மீ., உயரம் 124 செ.மீ. முன்னால் தெரிவது சான் விடால் என்ற சிறு சதுக்கம். பக்கத்துத் தேவாலய வேலைக்காகக் கற்களைக் கொண்டுவந்து குவித்து, அங்கேயே செதுக்குகிறார்கள். நடுவில் பெரிய கால்வாய், அக்கரையில் சாந்தா மரியா தெல்லா கரிதா தேவாலயமும் அதன் மணிக்கூண்டும். அந்தக் கூண்டு 1744-ல் இடிந்து விழுந்துவிட்டது; கரிதா கட்டடங்களில் இப்போது வெனிஸின் அகாதெமியா ஓவியக் கூடம் இயங்குகிறது. ஊர் பெருமையைக் காட்டும் அரண்மனையோ விழாவோ எதுவும் இதில் இல்லை. இடது பக்கம் கீழே ஒரு குழந்தை தடுக்கி விழுந்திருக்கிறது, அம்மா கையை விரித்துக்கொண்டு ஓடுகிறாள், மேலே மாடத்திலிருந்து இன்னொருத்தி எட்டிப் பார்க்கிறாள். ஜன்னல் விளிம்பில் ஒரு சேவல். நடுவில் ஒரு பெண் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறாள். சுவரில் சாந்து உதிர்ந்து செங்கல் தெரிகிறது. இந்த ஓவியத்தைக் கொண்டாடுவது இந்தச் சின்னச் சங்கதிகளுக்காகத்தான்.

அவற்றைக் கனலெட்டோ எப்படி வரைகிறார் என்று கிட்டத்தில் பார்த்தால்தான் நகலில் என்ன போகிறது என்று புரியும். கட்டடத்தின் கோடுகளுக்கு அவர் ஸ்கேலும் காம்பஸும் வைத்துக்கொள்கிறார். சில ஓவியங்களில் கூரிய முனையால் வண்ணத்தின் மேலேயே கோடு கீறியிருப்பது தெரியும். ஆனால் மனிதர்களுக்கு ஸ்கேல் கிடையாது. தோளுக்கு ஒரு தடித்த வெள்ளைச் சொட்டு, தலைக்கு ஒரு பழுப்புப் பொட்டு, இடுப்புக்குக் கீழே ஒரே இழுப்பு. ஒவ்வொன்றும் ஒரு முறை வைத்து, திரும்பத் தொடாதது. விறைப்பான கோடும் சட்டென்று விழுந்த சொட்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதால்தான் கல் கல்லாக இருக்கிறது, ஆள் நகர்கிறாற்போல் தெரிகிறது. நகல் எடுப்பவர் இங்கேதான் சறுக்குகிறார். கோட்டை ஸ்கேல் இல்லாமல் கையால் இழுத்தால் கட்டடம் குழைகிறது. சொட்டைப் பார்த்துப் பார்த்து மெதுவாக வரைந்தால் ஆட்கள் பொம்மையாகிவிடுகிறார்கள். நதி, காடு, மேகம் வரைந்த ஓவியத்தில் ஒரு மரம் இரண்டு விரல்கடை தள்ளிப் போனாலும் கண் மன்னித்துவிடும். நகரக்காட்சியில் ஒரு ஜன்னல் வரிசை கொஞ்சம் சாய்ந்தாலும், காரணம் தெரியாமலே "என்னமோ சரியில்லை" என்று தோன்றும். நான் வரைந்ததில் நகரக்காட்சியைப் போல் கையைச் சோதித்த வகை வேறில்லை.

இதோடு உங்கள் 24×36 அங்குலத்தைச் சேர்த்துப் பாருங்கள். மூலம் அங்குலத்தில் ஏறக்குறைய 64 அகலம், 49 உயரம். அகலத்தை 36-க்குக் கொண்டுவந்தால் உயரம் இருபத்தேழரை அங்குலம் வர வேண்டும். கடைக்காரர் தருவது 24. மீதி மூன்றரை அங்குலத்தை எங்கேயோ வெட்டியாக வேண்டும், இல்லையென்றால் படத்தை நசுக்க வேண்டும். மேலே வெட்டினால் வானத்தில் வெளிச்சம் போகிறது, கீழே வெட்டினால் கற்களும் தச்சர்களும் போகிறார்கள், நசுக்கினால் மணிக்கூண்டு குட்டையாகிறது. கடைகளின் ரெடிமேட் அளவுகள் சட்டமும் கண்ணாடியும் விற்பவர்களின் வசதிக்காக வந்தவை, ஓவியத்துக்காக அல்ல. நீள அகல விகிதம் சரியாகவே இருந்தாலும், எல்லாம் பாதியைவிடச் சற்றே பெரிய அளவுக்குச் சுருங்கும்போது ஓடிவரும் அம்மா ஒரு சின்னப் பொட்டாகிவிடுவாள். சிறிய அளவு என்பதற்காக ஓவியர் சிறிய சொட்டு வைக்க முடியாது. வண்ணத்துக்கும் பிரஷ்ஷுக்கும் ஒரு எல்லை உண்டு. அதனால் என் தெளிவான கருத்து: இந்த ஓவியத்தை இந்த அளவில் வாங்காதீர்கள், யார் வரைந்தாலும்.

நிறத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். "மூலத்தின் அதே நிறம்" என்று யாராவது சொன்னால், "எந்தப் புகைப்படத்தைப் பார்த்து?" என்று கேளுங்கள். டச்சு ஓவியர் வெர்மீரின் 'டெல்ஃப்ட் காட்சி'யை 1994-ல் ஹேக் நகரின் மௌரித்ஸ்ஹாயிஸ் அருங்காட்சியகத்தில் சுத்தம் செய்தார்கள். அதற்கு முந்தைய படங்களில் வார்னிஷ் பழுத்து எல்லாமே தேன் நிறத்தில் இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து வரைந்தவர் அழுக்கையும் சேர்த்து வரைந்திருப்பார், வாங்குபவரும் அதுதான் பழமையின் அழகு என்று நினைத்துக்கொள்வார். நிறமிகளும் அன்று வேறு, இன்று வேறு. கனலெட்டோ காலத்து வெள்ளை ஈய வெள்ளை. கொஞ்சம் கதகதப்பானது, வயதாக ஆக ஒளி ஊடுருவும். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் டைட்டானியம் வெள்ளை. குளிர்ந்தது, கீழே இருப்பதை அப்படியே மறைத்துவிடும். ஈயம் விஷம் என்பதால் மாறியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டைட்டானியம் வெள்ளையை நேரடியாகக் கலந்து வரைந்த வெனிஸ் வானம் சுண்ணாம்பு அடித்தாற்போல் தட்டையாகிவிடும். நல்ல நகலோவியர் அதில் ஒரு துளி மஞ்சள் காவி சேர்த்து, அடிப்பூச்சைச் செம்பழுப்பில் போட்டு, மேலே மெல்லிசாகப் பூசி ஈடுகட்டுவார். கனலெட்டோவின் ஆரம்ப கால ஓவியங்களுக்கு அடியில் அப்படிப்பட்ட செம்பழுப்புதான் இருக்கிறது. பின்னால் அவர் வெளிர் அடிப்பூச்சுக்கு மாறினார். வான நீலத்துக்கு அவர் பயன்படுத்திய பிரஷ்யன் நீலம் அன்றைக்குப் புத்தம் புதிய சரக்கு. அது இன்றும் எந்தக் கலைப்பொருள் கடையிலும் குழாயில் கிடைக்கிறது, ஆகவே நீலத்தில் தப்பு நடந்தால் சாக்குச் சொல்ல முடியாது.

"அவரே கேமரா அப்ஸ்க்யூரா வைத்து நகல் எடுத்தவர்தானே, அப்படியானால் ப்ரொஜெக்டரில் போட்டு வரைவதில் என்ன தப்பு?" என்றும் எழுதியிருந்தீர்கள். கேமரா அப்ஸ்க்யூரா என்பது வெளிக்காட்சியை லென்ஸ் வழியாக ஒரு திரையில் விழவைக்கும் இருட்டுப் பெட்டி. உங்கள் கேள்வியில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்கிறேன். வெனிஸின் கொரேர் அருங்காட்சியகத்தில் கனலெட்டோவின் பெயர் பொறித்த பெட்டி ஒன்று இருக்கிறது, அது உண்மை. அவர் அந்தக் கருவியைத் தெரிந்து வைத்திருந்தார் என்பதிலும் பெரிய சந்தேகம் இல்லை. எந்த அளவுக்கு அதை நம்பினார் என்பதுதான் இன்னும் விவாதம். பிரிட்டிஷ் அரச சேகரிப்பிலுள்ள அவருடைய கோட்டோவியங்களை அகச்சிவப்பு ஒளியில் பார்த்தபோது, மைக்கு அடியில் பென்சிலும் ஸ்கேலும் வைத்துக் கவனமாகக் கட்டிய கோடுகள் தெரிந்தன; ஒரு பெட்டி காட்டியதை அப்படியே பிரதி எடுத்தவரின் வேலையாக அது தெரியவில்லை. அதோடு, அவர் கால்வாயை அகலமாக்குவார், கட்டடங்களைத் தள்ளி வைப்பார், இரண்டு இடங்களில் நின்று பார்த்ததை ஒரே காட்சியாகச் சேர்ப்பார். எந்தக் கருவியும் அதைச் செய்யாது. நகலுக்கு ப்ரொஜெக்டர் வைத்தால் பாவம் ஒன்றுமில்லை, நானும் கட்டம் போட்டுத்தான் கோடு மாற்றுகிறேன். ஆனால் கோடு ஏறியதும் விளக்கை அணைத்துவிட்டு, கட்டடம் எப்படி நிற்கிறது என்று புரிந்து வரைய வேண்டும். வெளிச்சத்தின் மேல் வண்ணம் அப்பினால் வெளிக்கோடு சரியாகவும் உள்ளே எல்லாம் வெற்றாகவும் வரும்.

பெல்லோட்டோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நகரக்காட்சி எவ்வளவு கனமான விஷயம் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை. டிரெஸ்டனுக்குப் பிறகு அவர் வார்சாவில் போலந்து மன்னர் ஸ்தானிஸ்லாவ் அகஸ்டின் அரசவை ஓவியரானார். 1780-ல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். தெரு, தேவாலயம், கடை, வண்டி, பிச்சைக்காரர் என்று அந்த ஊரையே வரைந்து வைத்தார். 1944 எழுச்சிக்குப் பிறகு ஜெர்மன் படைகள் வார்சாவைத் திட்டமிட்டுத் தரைமட்டமாக்கின. போர் முடிந்து பழைய நகரத்தை மீண்டும் கட்டியபோது, பெல்லோட்டோவின் ஓவியங்களையும் முன்வைத்துக் கட்டினார்கள். 1980-ல் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஓவியத்தைப் பார்த்து மட்டுமே ஊரைக் கட்டினார்கள் என்று பரவும் கதை மிகை. போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் எடுத்து வைத்த அளவு வரைபடங்கள் பெரிய பங்கு வகித்தன. பெல்லோட்டோவும் அங்கங்கே முகப்புகளை அழகாக்கியவர்தான். இருந்தாலும், ஓர் ஓவியர் ஜன்னல்களைச் சரியாக எண்ணி வைத்தது ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்து ஒரு ஊருக்கு உதவியது. அதனால்தான் ஜன்னல் எண்ணிக்கை தப்பாக வரும் நகலைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

உங்களுக்கு என்ன செய்யலாம்? பட்ஜெட்டும் சுவரும் இடம் கொடுத்தால், கல்தச்சர் முற்றத்தை 48 அங்குல அகலத்துக்குக் குறையாமல், விகிதம் மாறாமல் தனியாக வரையச் சொல்லுங்கள். விலை ஏறும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது முடியாதென்றால் வேறு ஓவியத்தைத் தேர்ந்தெடுங்கள்: மூலமே சிறியதாக இருக்கும் நகரக்காட்சி. வெர்மீரின் 'சிறு தெரு' உயரம் 54 செ.மீ., அகலம் 44 செ.மீ.தான். ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் அதன் மிகத் துல்லியமான படத்தை இலவசமாகத் தருகிறது, அதைப் பார்த்தே அசல் அளவில் வரையலாம். இரண்டு பெண்கள், இரண்டு குழந்தைகள், வெள்ளையடித்த சுவர், விரிசல் விட்ட செங்கல். சின்னச் சங்கதிகளுக்காகத்தான் கனலெட்டோவைப் பிடித்தது என்றால், இதுவும் உங்களுக்குப் பிடிக்கும். பாரிஸ் வேண்டுமென்றால் கமீய் பிஸ்ஸாரோ 1897-ல் ஹோட்டல் ஜன்னலிலிருந்து வரைந்த மோன்மார்த்ர் நெடுஞ்சாலை வரிசையைப் பாருங்கள். அதில் இரவுக் காட்சி ஏறக்குறைய 53×65 செ.மீ. பிரஷ் தொடுகை தளர்வானது என்பதால் நேர்கோட்டுப் பிரச்சினை குறைவு, நிறத்தில் காது கூர்மையானவர்போல் கண் கூர்மையான ஓவியர் வேண்டும், அவ்வளவுதான். பல ஹோட்டல் வரவேற்பறைகளில் மழைநாள் பாரிஸ் காட்சி ஒன்று தொங்குமே, அந்தப் பாணி எத்துவார் கோர்தேஸ் என்பவருடையது. அவர் இறந்தது 1969-ல். இந்தியாவில் ஓவியர் இறந்து 60 வருடம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 வருடம் பதிப்புரிமை உண்டு என்பதால் அவருடைய ஓவியத்தை நகலெடுத்து விற்பது இன்னும் உரிமைப் பிரச்சினை. கனலெட்டோ, வெர்மீர், பிஸ்ஸாரோ விஷயத்தில் அந்தக் கவலை இல்லை.

யாரிடம் வாங்கினாலும், முழுப் பணம் கொடுப்பதற்கு முன், வார்னிஷ் அடிக்காத நிலையில் ஓவியத்தின் ஒரு மூலையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படமும், கித்தானின் பின்பக்கப் படமும் கேளுங்கள். எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாமல் காய்வதற்கே சில நாள் முதல் சில வாரம் ஆகும். உள்ளே முழுக்க இறுக மாதங்கள் வேண்டும். கடைசி வார்னிஷை ஆறு மாதத்துக்கு முன் அடிக்காமல் இருப்பது நல்லது. "பத்து நாளில் வார்னிஷ் அடித்து அனுப்புகிறோம்" என்றால், அது அக்ரிலிக்காக இருக்கலாம், காய வைக்கும் மருந்து சேர்த்திருக்கலாம்; எது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சுருட்டி அனுப்பினால் ஓவியப் பக்கம் வெளியே இருக்கும்படி, தடித்த குழாயில் சுருட்டச் சொல்லுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெருக்கப்பட்டு மடிப்பு விழும். வந்ததும் சட்டத்தில் இழுத்து மாட்டி, மழைநீர் இறங்காத உள்சுவரில், பின்னால் ஒரு விரல்கடை இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். கடலோர ஊரானால் பின்பக்கம் பூஞ்சை வருகிறதா என்று மழைக்காலத்தில் எட்டிப் பாருங்கள்.

பிரிண்ட் போதுமா என்ற கேள்விக்கு நேர் பதில்: 24×36-தான் முடியும், கல்தச்சர் முற்றம்தான் வேண்டும் என்றால், பிரிண்டே மேல். தேசிய ஓவியக் கூடமே நல்ல பிரிண்ட் விற்கிறது. அதில் விகிதம் மாறாது, சேவல் இருக்கும், குழந்தையும் இருக்கும். கையால் வரைந்ததுதான் வேண்டும் என்று மனது கேட்டால் 'சிறு தெரு'வுக்குப் போங்கள். அதை வரையத் தெரிந்த, நேரம் எடுத்துக்கொள்ளும் ஓவியர் உங்கள் ஊரிலேயே கிடைக்கலாம். வரைந்துகொண்டிருக்கும்போதே போய்ப் பார்க்கவும் முடியும்.